துளையிடாமல் அறிய வேண்டிய ஓர் எண்

மேட்டூர் அணையின் நீர்மட்டம் இன்று எத்தனை அடி என்று காலை நாளிதழில் பார்த்துவிட்டு நாற்றங்காலைப் பற்றி முடிவெடுப்பது காவிரிப் படுகை உழவர்களின் நெடுநாள் பழக்கம். முழு நீர்மட்டம் 120 அடி என்பதும், ஜூன் 12 அணை திறக்கும் நாள் என்பதும் இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஓர் எண் தெரிந்தால்தான் அடுத்த செயலைத் தீர்மானிக்க முடியும் என்பதை இம்மக்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

தலையில் அடிபட்ட ஒருவரின் உயிர் ஊசலாடும் நேரத்திலும் அவ்வாறான ஓர் எண் உண்டு. அது மண்டையோட்டுக்குள் நிலவும் அழுத்தம். ரத்த அழுத்தத்தைத் தெருமுனை மருந்துக்கடையில்கூட அளந்துவிடலாம். மூளையின் அழுத்தத்தை அளக்க வேண்டுமானால் மண்டையோட்டில் துளையிட வேண்டும். அதனால் அந்த எண் பெருநகரங்களின் சில தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கு உள்ளேயே தங்கிவிட்டது. துளையிடாமல் அதை அறியும் வழிகளை உலகின் பல ஆய்வுக்கூடங்கள் இன்று தேடிக்கொண்டிருக்கின்றன.

நான் மருத்துவன் அல்லன். கல்லூரியில் பொருளியல் கற்பித்து ஓய்வுபெற்றவன். ஆயினும், எந்த அளவீடு யாருக்குக் கிடைக்கிறது, அதன் விலை என்ன, அது கிடைக்காமையின் விலை என்ன என்பவை பொருளியலின் கேள்விகளே. முத்துப்பேட்டை போன்ற ஊர்களில் வாழ்வோருக்கு அவை உயிர்ப் பிரச்சினையும் ஆகும்.

மூடிய பெட்டியின் கணக்கு

வளர்ந்த மனிதரின் மண்டையோடு ஏறத்தாழ விரிவடையாத ஒரு பெட்டி. அதனுள் மூன்று பொருள்கள் உள்ளன. ஏறக்குறைய 80 விழுக்காடு மூளைத் திசு. 10 விழுக்காடு ரத்தம். எஞ்சிய 10 விழுக்காடு மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்து நிற்கும் தெளிந்த திரவம். பெட்டியின் கொள்ளளவு மாறாதது என்பதால், இம்மூன்றில் ஒன்று மிகுந்தால் மற்றொன்று குறைந்தாக வேண்டும். ஸ்காட்லாந்து மருத்துவர்களான அலெக்சாண்டர் மன்றோ 1783-இலும் ஜார்ஜ் கெல்லி 1824-இலும் வகுத்த இந்தக் கொள்கை அவர்கள் இருவர் பெயராலேயே இன்றும் வழங்கப்படுகிறது.

காவிரியில் வெள்ளம் மிகும்போது முக்கொம்பில் கொள்ளிடம் அதை வாங்கிக்கொள்வதைப் போன்ற ஏற்பாடு மூளைக்கும் உண்டு. மண்டைக்குள் ரத்தம் கசிந்தாலோ, மூளை வீங்கினாலோ, முதலில் மூளைத் திரவம் தண்டுவடப் பகுதிக்கு ஒதுங்கி இடம் விடுகிறது. சிரை ரத்தமும் சற்று வெளியேறுகிறது. இந்த ஒதுக்கிடம் இருக்கும்வரை அழுத்தம் பெரிதாக ஏறாது. அடிபட்டவர் பேசுவார், நடப்பார், தேநீரும் கேட்பார். ஒதுக்கிடம் தீர்ந்தபின் ஒரு சிறு கசிவும் அழுத்தத்தைச் செங்குத்தாக உயர்த்திவிடும். 'நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார், திடீரென்று நினைவு தப்பிவிட்டது' என்று குடும்பத்தார் சொல்லி அழுவதன் பின்னால் பெரும்பாலும் இந்தக் கணக்கே இருக்கிறது.

படுத்த நிலையில் இருக்கும் வளர்ந்தவருக்கு இந்த அழுத்தம் வழக்கமாக 7 முதல் 15 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குள் இருக்கும். கடும் தலைக்காயத்தில் அது 22-ஐத் தாண்டினால் குறைப்பதற்கான சிகிச்சை தேவை என்பது அமெரிக்காவின் மூளைக்காய அறக்கட்டளை 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். காரணம் எளிய கழித்தல் கணக்கு. மூளைக்கு ரத்தத்தைச் செலுத்தும் விசை என்பது சராசரி ரத்த அழுத்தத்திலிருந்து மண்டையோட்டின் உள்ளழுத்தத்தைக் கழித்தால் கிடைப்பது. சராசரி ரத்த அழுத்தம் 90, உள்ளழுத்தம் 10 என்றால் விசை 80. உள்ளழுத்தம் 40 ஆக உயர்ந்தால் விசை 50 ஆகச் சரிகிறது. இதயம் ஓடிக்கொண்டிருக்கும், மூளை பட்டினி கிடக்கும்.

இந்த நிலை விபத்தில் மட்டுமே வருவதன்று. மூளைக் காசநோய்க் காய்ச்சல், மூளைக் கட்டி, பெருமூளை ரத்தக்கசிவு, பச்சிளங்குழந்தைகளுக்குத் தலையில் நீர் கோத்துக்கொள்ளும் நோய், இளம் பெண்களுக்குக் காரணம் புலப்படாமல் ஏற்பட்டுப் பார்வையைப் பறிக்கும் அழுத்த நோய் ஆகிய பலவற்றிலும் இதே அழுத்தம்தான் எதிரி.

துளையிட்டு அளக்கும் வழி

பிரான்சில் கியோம், ஜானி என்னும் மருத்துவர்கள் 1951-இலும், சுவீடனில் நில்ஸ் லுண்ட்பெர்க் 1960-இலும் மூளையின் உள்ளறைக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி அழுத்தத்தைத் தொடர்ந்து பதிவுசெய்து காட்டினர். இன்றும் துல்லியத்தின் உரைகல் அந்தக் குழாயே. தேவைப்பட்டால் மிகுதியான திரவத்தை அதன் வழியே வடித்து அழுத்தத்தைக் குறைக்கவும் முடியும்.

ஆனால், அதற்கு நரம்பியல் அறுவை மருத்துவர் வேண்டும். கிருமி நீக்கிய அறை வேண்டும். இரவும் பகலும் கண்காணிக்கும் செவிலியர் வேண்டும். கிருமித்தொற்றும் ரத்தக்கசிவும் ஏற்படும் ஆபத்தும் உண்டு. ரத்தம் உறையும் தன்மை குறைந்தவர்களுக்கு இதைச் செய்யவே தயங்குவார்கள்.

நரம்பியல் அறுவை மருத்துவத்தில் தமிழகம் பின்தங்கிய மாநிலம் அன்று. இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையை ஜேக்கப் சாண்டி 1949-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொடங்கினார். அடுத்த ஆண்டே சென்னை அரசு பொது மருத்துவமனையில் அத்துறையை நிறுவியவர் நம் காவிரிப் படுகையின் சீர்காழியில் பிறந்த பி. ராமமூர்த்தி. அவர்கள் இட்ட அடித்தளத்தின் மேல் எழுந்த துறை இன்று பெரிதாக வளர்ந்திருக்கிறது. எனினும் அது மருத்துவக் கல்லூரிகள் உள்ள நகரங்களில் குவிந்திருக்கிறது; விபத்தோ கிழக்குக் கடற்கரைச் சாலையின் எந்த வளைவிலும் நடக்கிறது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-இல் தமிழகத்தில் 64,105 சாலை விபத்துகள் நிகழ்ந்தன. எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். உயிரிழந்தோர் 17,884 பேர். அந்த ஆண்டில் நாடு முழுவதும் சாலையில் மாண்டவர்களில் ஏறத்தாழ 45 விழுக்காட்டினர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். தலைக்கவசம் அணியாத இருசக்கர வாகனப் பயணி கீழே விழும்போது முதலில் ஆபத்துக்குள்ளாவது தலையே. எங்கள் பகுதியில் இதனோடு தென்னை மரத்திலிருந்து தவறி விழுவோரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

முத்துப்பேட்டையிலிருந்து தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஏறத்தாழ 70 கிலோமீட்டர். திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 50 கிலோமீட்டருக்குக் குறையாத தொலைவு. 108 ஆம்புலன்ஸ் வந்துவிடுகிறது. அதில் ஏறும் உறவினர் கேட்கும் முதல் கேள்வி, "நேரா தஞ்சாவூரே போயிடலாமா தம்பி, இல்ல திருவாரூர்ல காட்டிட்டுப் போவமா?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு விடையளிக்க உதவும் எண் எவர் கையிலும் இல்லை.

ரத்த அழுத்தம் கற்றுத்தந்த பாடம்

ரத்த அழுத்தமும் ஒரு காலத்தில் துளையிட்டே அளக்கப்பட்டது. இங்கிலாந்தின் பாதிரியார் ஸ்டீபன் ஹேல்ஸ் குதிரையின் தமனிக்குள் குழாயைச் செருகி, அதில் ரத்தம் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று பார்த்து, 1733-இல் அதை வெளியிட்டார். அந்த முறையை வைத்துக்கொண்டு ஓர் ஊருக்கே பரிசோதனை செய்ய முடியாது. 1896-இல் இத்தாலியின் ரீவா-ரோச்சி கையில் சுற்றும் காற்றுப்பட்டையை உருவாக்கினார். 1905-இல் ரஷ்ய மருத்துவர் கொரோட்காவ், ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டு மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் அறியும் வழியைச் சொன்னார். உலகம் மாறியது அதற்குப் பிறகுதான்.

கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. காற்றுப்பட்டை காட்டும் எண், தமனிக்குள் செருகிய குழாய் காட்டும் எண்ணளவுக்குத் துல்லியமானதன்று. தீவிர சிகிச்சைப் பிரிவில் இன்றும் தேவையானவர்களுக்குக் குழாயே பயன்படுகிறது. ஆயினும், குழாய் காப்பாற்றியவர்களைக் காட்டிலும் பட்டை காப்பாற்றியவர்கள் பன்மடங்கு மிகுதி. துல்லியத்தில் சற்றுக் குறைந்து, பரவலில் பல்லாயிரம் மடங்கு கூடிய ஓர் அளவீடு எத்தகைய ஆற்றல் உடையது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். மூளை அழுத்தத்துக்கு இன்று தேவைப்படுவதும் அத்தகைய ஒரு பட்டையே.

மூளையை எட்டிப் பார்க்கும் வாயில்கள்

இயற்கை ஒரு வாயிலைக் குழந்தைகளுக்குத் திறந்தே வைத்திருக்கிறது. அதுதான் உச்சிக்குழி. அழாமல் அமைதியாக இருக்கும் குழந்தையின் உச்சிக்குழி புடைத்திருந்தால் ஆபத்து என்பது நம் பாட்டிமாருக்குத் தெரியும். ஏறத்தாழ ஒன்றரை வயதில் அந்த வாயில் மூடிவிடுகிறது. அதன்பின் வேறு வாயில்களைத் தேட வேண்டும்.

முதல் வாயில் கண். பார்வை நரம்பு உண்மையில் மூளையின் நீட்சியே. மூளையைச் சூழ்ந்த உறையும் திரவமும் அந்த நரம்பையும் சூழ்ந்து விழிக்கோளத்தின் பின்புறம் வரை வருகின்றன. மண்டைக்குள் அழுத்தம் ஏறினால் அந்த உறை உப்புகிறது. மூடிய இமையின் மேல் அல்ட்ராசவுண்டு கருவியை மென்மையாக வைத்து, விழிக்கோளத்துக்கு 3 மில்லிமீட்டர் பின்னால் உறையின் குறுக்களவைப் பார்த்தால், 5 முதல் 6 மில்லிமீட்டர் வரையிலான ஏதோ ஓர் எல்லையைத் தாண்டும்போது அழுத்தம் உயர்ந்திருக்கலாம் என்று ஐயுறலாம். சில நிமிட வேலை, கதிர்வீச்சு இல்லை. ஆனால், எல்லைக்கோடு எது என்பதில் ஆய்வுக்கு ஆய்வு வேறுபாடு உள்ளது. அளப்பவரின் கைப்பயிற்சியைப் பொறுத்தும் விடை மாறும்.

அழுத்தம் பல நாள் நீடித்தால் விழித்திரையில் பார்வை நரம்பு தொடங்கும் தட்டு வீங்கும். ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851-இல் விழித்திரை நோக்கியைக் கண்டுபிடித்த நாள்தொட்டு மருத்துவர்கள் இதைப் பார்த்து வருகிறார்கள். அந்த வீக்கத்தை விழித்திரைப் படத்திலிருந்து கணினியே அடையாளம் காண முடியும் என்று பல நாட்டு ஆய்வாளர்கள் 2020-இல் எடுத்துக்காட்டினர். ஆயினும் வீக்கம் தோன்ற நேரமாகும் என்பதால், விபத்து நடந்த முதல் மணி நேரத்துக்கு இந்த வழி உதவாது. நாள்பட்ட தலைவலியோடு வருபவருக்கே உதவும்.

இரண்டாவது வாயில் ரத்த ஓட்டம். நெற்றிப் பொட்டின் பக்கம் எலும்பு மெல்லியது. அதன் வழியே மீயொலியைச் செலுத்தி மூளைத் தமனியில் ரத்தம் பாயும் வேகத்தை அளக்கலாம் என்பதை ரூனே ஆஸ்லிட் 1982-இல் காட்டினார். உள்ளழுத்தம் ஏறும்போது, இதயம் விரியும் கணத்தில் ரத்தப் பாய்ச்சல் தளர்கிறது. துடிப்பின் ஏற்ற இறக்கம் கூடுகிறது. சிலருக்கு, குறிப்பாக வயது முதிர்ந்த பெண்களுக்கு, எலும்பு மீயொலியை உள்ளே விடாமல் தடுத்துவிடும் என்பது இதன் குறை.

இதே வாயிலில் லிதுவேனியாவின் கௌனாஸ் நகர ஆய்வாளர்கள் மற்றொரு வழியைக் கண்டனர். கண் தமனியின் ஒரு பகுதி மண்டைக்குள்ளும் மறு பகுதி வெளியேயும் இருக்கிறது. கண்ணைச் சுற்றி மெல்ல வெளியழுத்தம் கொடுத்துக்கொண்டே போனால், இரு பகுதிகளிலும் ரத்தத் துடிப்பு ஒத்துப்போகும் கணம் ஒன்று வரும். அப்போது வெளியே கொடுத்த அழுத்தம்தான் உள்ளே இருக்கும் அழுத்தம். காற்றுப்பட்டையின் தத்துவமும் இதற்கு நெருங்கியதே.

மூன்றாவது வாயில் எலும்பு. பிரேசிலின் இயற்பியல் அறிஞர் செர்ஜியோ மஸ்கரேனியாஸ் முதுமையில் தலையில் நீர் கோக்கும் நோய்க்கு ஆளானார். தம் மண்டைக்குள் அழுத்தத்தை அறியத் துளையிடுவதைத் தவிர வழியில்லை என்று கேட்டதும், அந்த முதிய வயதில் அதையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டார். மண்டையோடு துளியும் விரியாது என்னும் பழைய நம்பிக்கையை அவர் சோதித்தார். ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் அது மிகமிக நுண்ணிய அளவில் விரிந்து சுருங்குவதை, பாலங்களின் இறுக்கத்தை அளக்கப் பொறியாளர்கள் பயன்படுத்துவதைப் போன்ற உணரியால் பதிவுசெய்தார். தலையில் பட்டையாக அணியும் கருவியாக அது வளர்ந்தது. அது தருவது அழுத்தத்தின் எண்ணை அன்று, துடிப்பலையின் வடிவத்தை. ஒதுக்கிடம் தீர்ந்துவருகிறதா என்பதை அந்த வடிவம் உணர்த்தும்.

நான்காவது வாயில் ஒளி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், போபால் எய்ம்ஸ், பெங்களூரு நிம்ஹான்ஸ், பயோஸ்கேன் ரிசர்ச் நிறுவனம் ஆகியவை சேர்ந்து உருவாக்கிய 'செரிபோ' என்னும் கையடக்கக் கருவி 2025-இல் செய்திகளில் இடம்பெற்றது. அகச்சிவப்புக்கு அருகிலான ஒளியைத் தலைக்குள் செலுத்தி, ரத்தக்கசிவு உள்ளதா என்பதை ஒரு நிமிட அளவில் நிறக்குறியால் காட்டுவது அதன் பணி. அழுத்தத்தை அளக்கும் கருவி அன்று அது; அழுத்தத்தை உண்டாக்கும் காரணங்களுள் ஒன்றைத் தேடும் கருவி. ஸ்கேன் வசதி இல்லாத இடங்களை மனத்தில் கொண்டு நம் நாட்டில் உருவானது என்பதே அதன் சிறப்பு.

விண்வெளி ஆய்வாளர்களும் இதே தேடலில் இருக்கிறார்கள். எடையற்ற நிலையில் நீண்டநாள் வாழ்ந்த வீரர்கள் சிலருக்குப் பார்வை நரம்புத் தட்டு வீங்கியதை 2011-இல் வெளியான ஆய்வு பதிவுசெய்தது. அங்கே துளையிட்டு அளக்க முடியாது என்பதால் துளையிடாத வழிகளில் நாசா அக்கறை காட்டுகிறது. இந்த ஒரு விஷயத்தில் விண்வெளி நிலையமும் முத்துப்பேட்டையும் ஒரே நிலையில்தான் இருக்கின்றன.

எதனோடு ஒப்பிடுவது?

இக்கருவிகளைப் பற்றிய மருத்துவ விவாதங்களில், 'உள்ளே செருகிய குழாயின் எண்ணோடு ஒத்துப்போகவில்லை' என்ற குறை திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. குழாய் கிடைக்கும் இடத்தில் அது நியாயமான குறையே. ஆனால், குழாய் கிடைக்காத இடத்தில் ஒப்பீடு வேறாக இருக்க வேண்டும். அங்கே மாற்று என்பது குழாய் அன்று, வெறும் ஊகம். ஒரு பொருளின் மதிப்பு அது இல்லாவிட்டால் நமக்கு என்ன கிடைத்திருக்கும் என்பதைப் பொறுத்தது என்பது பொருளியலின் அரிச்சுவடி.

கற்பனையான ஒரு கணக்கைப் பார்க்கலாம். தலையில் அடிபட்ட 100 பேர் ஒரு வட்ட மருத்துவமனைக்கு வருகிறார்கள் என்று கொள்வோம். அவர்களில் 10 பேருக்கு அழுத்தம் ஆபத்தான அளவில் ஏறுகிறது. ஒரு கருவி, அழுத்தம் உள்ளவர்களில் 90 விழுக்காட்டினரைச் சரியாகக் கண்டுபிடிக்கிறது. இல்லாதவர்களில் 90 விழுக்காட்டினரைச் சரியாக விலக்குகிறது. அப்படியானால் 10 பேரில் 9 பேர் கண்டறியப்படுவர், ஒருவர் தவறிப்போவார். ஆபத்தில்லாத 90 பேரில் 9 பேருக்குப் பொய் எச்சரிக்கை வரும். மொத்தம் 18 பேர் உடனே பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அவர்களில் பாதிப்பேர் வீண் அலைச்சல் பட்டிருப்பர்.

பாதிப் பேருக்குப் பொய் எச்சரிக்கை என்றால் கருவி மோசம் என்று தோன்றும். கருவி இல்லாவிட்டால் நிலை என்ன? 100 பேரையும் அனுப்பினால் பெரிய மருத்துவமனையின் ஸ்கேன் வரிசை நிரம்பி, உண்மையான ஆபத்தில் இருப்பவர் வரிசையில் காத்திருப்பார். எவரையும் அனுப்பாவிட்டால் 10 பேரும் ஆபத்தில் விடப்படுவர். இடையில் மருத்துவரின் அனுபவம் மட்டுமே துணை. வீண் அலைச்சலின் விலை ஒரு நாள் கூலியும் வண்டிச் செலவும். தவறவிட்டதன் விலை ஓர் உயிர் அல்லது ஒரு குடும்பம் ஆயுள் முழுவதும் சுமக்கும் ஊனம். இரண்டையும் ஒரே தட்டில் நிறுக்க முடியாது.

இதே கணக்கு ஓர் எச்சரிக்கையையும் தருகிறது. தவறிப்போகும் அந்த ஒருவர் கற்பனை மனிதர் அல்லர். 'கருவி சரி என்று காட்டிவிட்டது' என்று சொல்லி, வாந்தி எடுக்கும் நோயாளியை வீட்டுக்கு அனுப்பினால், கருவி இல்லாத நிலையைவிட அது கேடு. ஆகவே, கருவி மருத்துவரின் கண்ணுக்குத் துணையாக இருக்கலாமேயன்றி மாற்றாக இருக்கலாகாது.

பொலிவியா தரும் எச்சரிக்கை

அளவீடே சிகிச்சை என்று மயங்கக் கூடாது என்பதற்கு ஒரு புகழ்பெற்ற ஆய்வு உண்டு. பொலிவியா, ஈக்வடார் ஆகிய நாடுகளின் மருத்துவமனைகளில் கடும் தலைக்காயம் அடைந்த 324 பேர் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்கு உள்ளே கருவி செருகி அழுத்தத்தை அளந்து சிகிச்சை. மறு குழுவுக்கு ஸ்கேன் படமும் மருத்துவரின் நேரடிப் பரிசோதனையும் கொண்டு சிகிச்சை. 2012-இல் வெளியான முடிவில் இரு குழுக்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆறு மாதத்தில் இறந்தோர் முதல் குழுவில் 39 விழுக்காடு. இரண்டாம் குழுவில் 41 விழுக்காடு.

அழுத்தத்தை அளப்பது வீண் என்பதற்கு இது சான்று அன்று. இரு குழுக்களுக்குமே திட்டமிட்ட, தீவிரமான சிகிச்சை கிடைத்தது என்பதை மறக்கலாகாது. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடங்கள் இரண்டு. எண்ணைத் தொடர்ந்து என்ன செய்வது என்னும் ஒழுங்கு இல்லாவிட்டால் எண்ணால் பயனில்லை. அடுத்து, எளிய வழிமுறைகளை ஒழுங்காகப் பின்பற்றினால் வசதி குறைந்த மருத்துவமனையும் நல்ல சிகிச்சை தர முடியும். இரண்டுமே நமக்குப் பொருந்துவன.

தமிழகம் செய்யக்கூடியவை

விபத்தில் சிக்கியோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது. காயம்பட்டவர் எந்த மாநிலத்தவர் என்று பார்க்காமல் உதவும் அத்திட்டம் பாராட்டுக்குரியது. சிகிச்சையின் செலவை ஏற்க ஏற்பாடு வந்துவிட்டது; யாருக்கு எங்கே எவ்வளவு விரைவில் என்னும் தகவலின் பற்றாக்குறை நீடிக்கிறது. அடுத்த முதலீடு அங்கே அமைய வேண்டும்.

முதலாவதாக, புதுக் கருவி எதுவும் வாங்காமலே தொடங்கலாம். அல்ட்ராசவுண்டு கருவி பல அரசு மருத்துவமனைகளில் ஏற்கெனவே இருக்கிறது. அவசர சிகிச்சை மருத்துவர்களுக்குப் பார்வை நரம்பு உறையை அளக்கும் பயிற்சியை அளிப்பதற்குப் பெரும் பொருட்செலவு ஆகாது.

இரண்டாவதாக, நம் மக்களுக்கான எல்லைக்கோட்டை நாமே கண்டறிய வேண்டும். வேற்று நாட்டவரை அளந்து வகுத்த எல்லை நமக்கு அப்படியே பொருந்தும் என்று கொள்ள இயலாது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் சிகிச்சைக்காக எப்படியும் குழாய் செருகப்படும் நோயாளிகளிடம், அதே வேளையில் துளையிடாத முறையாலும் அளந்து இரண்டையும் ஒப்பிட்டால் விடை கிடைக்கும். நோயாளிகள் இங்கே இருக்கிறார்கள், மருத்துவர்கள் இருக்கிறார்கள், பதிவேடுதான் இல்லை. முடிவு கருவிக்குச் சாதகமாக இருந்தாலும் பாதகமாக இருந்தாலும் வெளியிடப்பட வேண்டும்.

மூன்றாவதாக, விலை. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கிய இதய வால்வு 1990-இல் முதன்முதலாக நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. இறக்குமதி வால்வை வாங்க இயலாத பல குடும்பங்களுக்கு அது வாழ்வளித்தது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையோடு இணைந்த அரோலேப் 1992 முதல் விழிவில்லைகளைத் தயாரித்து அவற்றின் விலையைப் பன்மடங்கு குறைத்தது. இரண்டு இடங்களிலும் நடந்தது ஒன்றே: தேவை மிகுந்திருந்தது, வாங்கும் ஆற்றல் குறைந்திருந்தது, அந்த இடைவெளியை நிரப்பப் பொது நோக்கமுடைய ஒரு நிறுவனம் முன்வந்தது. அளவீடு மெய்ப்பிக்கப்பட்ட கருவிகளை மொத்தமாகக் கொள்முதல் செய்ய, 1994-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் போன்ற அமைப்பும் நம்மிடம் இருக்கிறது. உறுதியான கொள்முதல் இருக்கும் என்று தெரிந்தால் நம் பொறியியல் ஆய்வுக்கூடங்களும் இத்துறையில் துணிந்து இறங்கும்.

நான்காவதாக, எண்ணோடு செயலும் இணைய வேண்டும். வட்ட மருத்துவமனையில் எச்சரிக்கை வந்தால் தலைப்பக்கத்தை 30 பாகை உயர்த்துவது, மூச்சுக்கு ஆக்சிஜன் உறுதிசெய்வது, மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு முன்கூட்டியே தகவல் கொடுப்பது, எந்த மருத்துவமனையில் அறுவை அரங்கம் அந்நேரம் தயாராக உள்ளது என்று அறிந்து ஆம்புலன்ஸை நேரே அங்கே செலுத்துவது ஆகியவை ஒரு தாளில் அடங்கக்கூடிய விதிகள்.

அதுவரையில்

கருவி வரும்வரை நாம் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கிளாஸ்கோ நகரின் டீஸ்டேல், ஜென்னட் என்னும் இரு மருத்துவர்கள் 1974-இல் வகுத்த மயக்கநிலை அளவை இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. நோயாளி கண் திறக்கிறாரா, பேச்சு எப்படி, கைகால் அசைவு எப்படி என்ற மூன்றே கேள்விகள். கருவியும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். மணிக்கு மணி குறித்துவைத்தால், எண் சரிவதே முதல் எச்சரிக்கை.

வீட்டில் உள்ளோர் அறிய வேண்டியவையும் உண்டு. தலையில் அடிபட்டவர் திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, பேச்சு குழறினாலோ, வலிப்பு வந்தாலோ, ஒரு கருவிழிப் பாவை மற்றதைவிடப் பெரிதாகத் தெரிந்தாலோ, எழுப்பினாலும் எழாத தூக்கம் வந்தாலோ, 'களைப்பாக இருக்கிறது, தூங்கட்டும், விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டுவிடக் கூடாது. அந்தத் தூக்கம் மூளை அழுத்தத்தின் அறிகுறியாக இருக்கலாம். இவை எல்லாவற்றுக்கும் முந்தைய பாதுகாப்பு தலைக்கவசம். அழுத்தம் ஏறிய பின் அதைக் குறைப்பதைவிட, ஏறவே விடாமல் தடுப்பது மலிவானது.

ஒரு சமூகம் எதை அளக்கிறதோ அதைப் பற்றியே கவலைப்படுகிறது. அளக்காததை விதி என்று சொல்லி விட்டுவிடுகிறது. சிற்றூர்களில் தலைக்காயத்தால் நேரும் மரணங்கள் பலவற்றை நாம் இன்னும் விதியின் கணக்கிலேயே எழுதிவருகிறோம். அவற்றுள் எத்தனை, உரிய நேரத்தில் ஓர் எண் தெரிந்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடியவை என்பதை அறியும் வாய்ப்பு இப்போது கைக்கெட்டும் தொலைவில் வந்திருக்கிறது. அதை எட்டிப் பிடிப்பதற்குத் தேவையானவை பயிற்சியும் பதிவேடும் சற்று அரசியல் உறுதியும்தான்.